சாலை விபத்தில் எலும்பு முறிவு: இழப்பீடு பெறும் சட்டவழி

கார் மோதியோ, காரில் பயணம் செய்யும்போதோ ஒருவருக்கு எலும்பு முறிந்தால், விபத்துக்குக் காரணமான வாகனத்தின் உரிமையாளரிடமும் அதன் காப்பீட்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்க இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 வழி செய்கிறது. இந்த வழக்குகளை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் விசாரிக்கின்றன. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும், சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றமும் இத்தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன. நீதிமன்ற வளாகத்தில் 'எம்.சி.ஓ.பி.' என்று சொல்லப்படுவது இந்த வழக்குதான்.

'கால் உடைந்தால் எவ்வளவு கிடைக்கும்?' என்பதுதான் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. தொடை எலும்புக்கு இவ்வளவு, மணிக்கட்டுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் விலைப்பட்டியல் எதுவும் இல்லை. ஒரே மாதிரியான முறிவுக்கு ஒருவருக்கு ஒரு லட்சமும் இன்னொருவருக்குப் பத்து லட்சமும் கிடைப்பதுண்டு. அந்த முறிவு அவரவர் பிழைப்பை எவ்வளவு பாதித்தது, அதை எந்த அளவுக்கு ஆவணங்களால் நிரூபித்தார்கள் என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எலும்பு முறிவு என்பது கொடுங்காயம்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, எலும்போ பல்லோ முறிவதையும் இடம்பெயர்வதையும் கொடுங்காயங்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் அதையே தொடர்கிறது. ஆகவே எக்ஸ்ரேயில் தெரியும் சிறு விரிசலும் சட்டத்தின் பார்வையில் சாதாரணக் காயம் அல்ல.

விபத்தை ஏற்படுத்திய ஓட்டுநர் மீது காவல்துறை தொடரும் குற்றவழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. குற்றவழக்கில் ஓட்டுநர் அபராதம் கட்டிவிட்டார் என்பதால் காயமடைந்தவருக்குத் தொகை வந்துவிடாது. அவர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு தானாகத் தோற்றுப்போகாது. குற்றவழக்கில் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில், நடந்தது இப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

மூன்று சதவீதங்கள்

எலும்பு முறிவு வழக்குகளில் பெரிய தொகையைத் தீர்மானிப்பது நிரந்தர ஊனம். இங்கே மூன்று வெவ்வேறு சதவீதங்கள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் 'டாக்டர் 40 சதவீதம் கொடுத்தார், கோர்ட்டில் 15 ஆக்கிவிட்டார்கள்' என்ற மனக்குறை எழுகிறது.

முதலாவது, முறிந்த கையையோ காலையோ மட்டும் பொறுத்த ஊனம். முழங்கால் பாதிதான் மடங்குகிறது, கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது என்றால் மருத்துவர் அந்தக் காலுக்கு ஒரு சதவீதம் தருவார். இரண்டாவது, அதனால் முழு உடலுக்கு ஏற்பட்ட ஊனம். ஒரு காலின் 45 சதவீதம் உடம்பு முழுவதற்கும் 45 சதவீதம் ஆகாது. அதைவிட நன்றாகவே குறையும். மூன்றாவது, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு. இதை மருத்துவர் சொல்ல முடியாது. காயம்பட்டவரின் தொழில், வயது, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்பாயமே முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக வகுத்தது, ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் வழங்கிய தீர்ப்பு. மனுதாரர் பாலாடைக்கட்டி விற்றுப் பிழைத்த, ஏறத்தாழ 25 வயது இளைஞர். 1991இல் நடந்த விபத்தில் இடது காலின் இரண்டு எலும்புகளும் இடது முன்கையின் ஆர எலும்பும் முறிந்தன. ஊனச் சான்றிதழ் 45 சதவீதம் என்றது. உச்ச நீதிமன்றம் உடலின் ஊனத்தை 25 சதவீதமாகவும், சம்பாதிக்கும் திறனின் இழப்பை 20 சதவீதமாகவும் எடுத்துக்கொண்டது. அதே தீர்ப்பில் ஓர் உதாரணமும் உண்டு. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். வருமான இழப்பும் அந்த அளவுக்கு இராது. எழுத்தருக்கு ஒன்றும் கிடைக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. வாழ்க்கை வசதிகளின் இழப்பு என்ற தலைப்பில் அவருக்குக் கூடுதலாகத் தரலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு முறையும் வழக்கத்தில் உள்ளது. வருமானம் பாதிக்கப்பட்டதாக நிரூபிக்கப்படாவிட்டால், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இத்தனை ஆயிரம் ரூபாய் என்று மொத்தமாகக் கணக்கிட்டுத் தருவார்கள். இரண்டு முறைகளுக்கும் இடையிலான தூரத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கும் 34 வயது பெயிண்டர் ஒருவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. இனி ஏணியில் நின்று வேலை செய்ய முடியாது. உடலின் ஊனம் 15 சதவீதம். ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் 75,000 ரூபாய் கிடைக்கும். ஏணி ஏற முடியாத பெயிண்டர் என்பதை நிரூபித்து, சம்பாதிக்கும் திறனின் இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் கணக்கு வேறு. சொந்தத் தொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்து மாத வருமானம் 25,200 ஆகும். ஆண்டுக்கு 3,02,400. அவருடைய வயதுக்கு உரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 48,38,400. அதில் 20 சதவீதம் 9,67,680 ரூபாய். அதே மனிதர், அதே குதிகால்தான்.

பெருக்கெண் என்பது சர்ளா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. 15 முதல் 25 வயது வரை 18. பிறகு வயது ஏற ஏறக் குறைந்து, 41–45 வயதுக்கு 14, 56–60 வயதுக்கு 9, 65ஐத் தாண்டினால் 5. எதிர்கால உயர்வுக்கான சதவீதங்களை பிரணய் சேத்தி வழக்கில் (2017) அரசியல் சாசன அமர்வு நிர்ணயித்தது. இவை உயிரிழப்பு வழக்குகளில் வகுக்கப்பட்டவை. நிரந்தர ஊனமுற்றவர்களுக்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்பதை 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயம்பட்டவர் உயிரோடு இருந்து அந்தச் செலவைச் செய்துகொண்டே இருப்பதால், அவருக்கு அந்தக் கழிவு கிடையாது.

முறிந்த எலும்பு குறையின்றிக் கூடிவிட்டால் எதிர்கால வருமான இழப்பு என்ற தலைப்பே எழாது. அப்போது மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவற்றோடு கணக்கு முடியும். பிளேட், ராடு வைத்திருந்து அதைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்தால் அந்த அறுவைச் சிகிச்சையின் செலவையும் இப்போதே கேட்கலாம். குடும்பத்தலைவிக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்பதால் வருமானம் இல்லை என்று தீர்ப்பாயம் சொல்லிவிட முடியாது. அவருடைய உழைப்புக்கு ஒரு மதிப்பு வைத்தே கணக்கிடுவார்கள்.

முதல் நாளில் எழுதப்படுவது

வழக்கு வலுவாக இருப்பதும் பலவீனமாவதும் பெரும்பாலும் வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மருத்துவமனையில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் குறிப்பு, அதாவது எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வது, மிக முக்கியமானது. எப்படி அடிபட்டது, எந்த வண்டி மோதியது என்று அங்கே கேட்பார்கள். வலியில் இருப்பவரோ பதற்றத்தில் இருக்கும் உறவினரோ 'வண்டியில் இருந்து விழுந்துவிட்டார்' என்று சொன்னால் அது அப்படியே பதிவாகும். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியை எடுத்து, கார் மோதவே இல்லை, தானாக விழுந்தவர் என்று வாதிடுவார். கார் மோதி விழுந்தார் என்றால் அப்படியே சொல்ல வேண்டும். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்பதே சரி. பின்னால் யாரோ சொன்ன எண்ணைச் சேர்ப்பது வழக்கையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

முதல் தகவல் அறிக்கை சில நாட்கள் தாமதமானால் மனு செல்லாது என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சையில் இருந்ததால் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணமாக வைத்து உண்மையான கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் கூறியது. ஆனாலும் தாமதத்திற்கு விளக்கம் இருக்க வேண்டும்.

நம் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எலும்பு முறிந்தால் ஆந்திரத்தின் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வதும், உள்ளூர் வைத்தியரிடம் பச்சிலைக் கட்டுப் போடுவதும் இன்றும் வழக்கம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். வழக்கு என்று வரும்போது எக்ஸ்ரே, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள் எதுவும் இல்லாமல் முறிவு ஏற்பட்டதையே நிரூபிக்க முடியாமல் போகிறது. எங்கே கட்டுப் போட்டாலும், அதற்கு முன் அரசு மருத்துவமனையில் பதிவு செய்து எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே படங்களை அறிக்கையோடு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. மத்திய அரசு 2025இல் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு இடமுண்டு.

யார் தர வேண்டும்

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நடந்து சென்றவர், சைக்கிளிலோ பைக்கிலோ சென்றவர் ஆகியோரைப் பொறுத்தவரை மோதிய காரின் காப்பீட்டு நிறுவனமே தொகையைத் தரும். ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்று நிறுவனம் சொன்னாலும், பல வழக்குகளில் முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தந்துவிட்டுப் பின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடுகிறார்கள்.

காருக்குள் இருந்தவர்களின் நிலைமைதான் சற்றுச் சிக்கலானது. எதிரில் வந்த லாரியின் மீதே தவறு என்றால் லாரியின் நிறுவனத்தின் மீது வழக்கு. இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தால், பயணிக்கு அதில் பங்கு இல்லாததால், இரு தரப்பில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் அவர் கேட்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தாங்கள் சென்ற காரின் ஓட்டுநர் மீது மட்டுமே தவறு என்றால் அந்தக் காரின் பாலிசி எந்த வகை என்பதைப் பார்க்க வேண்டும். முழுமைப் பாலிசி என்றால் பயணிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. சட்டப்படி கட்டாயமான குறைந்தபட்சப் பாலிசி மட்டும் என்றால் சொந்தக் காரில் சென்ற பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று மறுக்கும். உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். நண்பரின் காரில் போய் எலும்பு முறிந்தவர்கள் வழக்கே போடாமல் விடுவதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம்.

மோதிய வாகனம் நிற்காமல் போய், அடையாளமும் தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள திட்டத்தின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம். வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

மனு, காலவரம்பு, மருத்துவக் குழு

இழப்பீட்டு மனுவை 166ஆம் பிரிவின் கீழ் விபத்து நடந்த இடத்திலோ, தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். கிருஷ்ணகிரியில் விபத்து, வீடு திருநெல்வேலியில் என்றால் திருநெல்வேலியிலேயே போடலாம். காலில் கம்பியோடு இருப்பவருக்கு இது சிறிய சலுகை அல்ல.

காலவரம்பில்தான் கவனம் தேவை. 1994 திருத்தம் காலவரம்பை நீக்கியிருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்று மீண்டும் கொண்டுவந்தது. இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. எலும்பு கூடி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மனுவை முன்பே போட்டுவிட்டு, ஊனத்தின் அளவைச் சிகிச்சை முடிந்த பிறகு நிரூபிக்கலாம். போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி உண்டு. தீர்ப்பாயம் அதையே மனுவாக ஏற்கவும் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அறிக்கை போனதா என்று காவல் நிலையத்தில் நாமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விசாரணையின்போது தீர்ப்பாயம் மனுதாரரை அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம். குழு காலை மடக்கச் சொல்லும், அளக்கும், புதிய எக்ஸ்ரே எடுக்கும். சிகிச்சை அளிக்காத தனி மருத்துவர் ஒருவர் வழக்குக்காகவே எழுதித் தரும் தாராளமான சான்றிதழ்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் தீர்ப்பே சொல்கிறது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரின் சாட்சியத்துக்குத்தான் எடை அதிகம். சம்பாதிக்கும் திறனின் இழப்புக்கு மருத்துவச் சான்று மட்டும் போதாது. மேஸ்திரியோ முதலாளியோ வந்து, இவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று சாட்சி சொல்வது, சான்றிதழில் பத்து சதவீதம் கூடுவதைவிடப் பயன் தரும். பல வழக்குகளில் இந்தச் சாட்சியே அழைக்கப்படுவதில்லை.

சமரசமும் தீர்ப்பும்

164ஆம் பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். சிறிய முறிவு, நன்றாகக் கூடிவிட்டது என்றால் இது நல்ல வழி. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் நடைமுறை வழியாக இத்தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு முடிந்துபோகும். மேலே சொன்ன பெயிண்டர் 2.5 லட்சத்தைக் கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் 9 லட்சத்துக்கான வழக்கை விட்டுக்கொடுத்தவர் ஆவார்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பதும் பரவலாக நடக்கிறது. பணம் விரைவில் வரும். ஆனால் அந்தத் தீர்வின் மீது மேல்முறையீடு கிடையாது. ஊனச் சான்றிதழ் வருவதற்கு முன் ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்வது, தராசில் ஏற்றாமலே விலை பேசுவது மாதிரி.

வழக்கறிஞர் கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது நீதிமன்ற வாசல்களில் சாதாரணமாக நடக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். மருத்துவமனைக்கே தேடிவந்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் தரகர்களிடம் எதையும் தர வேண்டாம்.

தீர்ப்பாயம் தொகையோடு வட்டியும் சேர்த்து உத்தரவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மனு தாக்கலான நாளில் இருந்து ஆண்டுக்கு 7.5 சதவீதம். தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் சச்சரவில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் அதற்கு இடமில்லை. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தால், தீர்ப்புத் தொகை முழுவதையும் அல்லது ஒரு பகுதியைத் தீர்ப்பாயத்தில் கட்டும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். அப்படிக் கட்டப்பட்டதில் ஒரு பங்கை, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளக் காயம்பட்டவர் மனு செய்யலாம்.